நாமும் நம் பிரிந்த சகோதரரும்
தென்பாண்டி நாட்டுக் கிறிஸ்தவ வரலாற்றில் ஒரு கண்ணோட்டம்



யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. நம் பங்கு தோன்றிய வரலாறும், கோவில் எழும்பிய வரலாறும், இங்கு உழைத்த குருக்களின் வரிசையும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் இடம்பெறுகின்றன. நாம் இங்கு எழுத விழைவது நமக்கு அடுத்த வீட்டாரைப் பற்றி. புரோட்டஸ்தாந்து சபையார் என்றும், வேதக்காரர் என்றும், இந்நாளில் சி.எஸ்.ஐ. என்றும் நாம் அழைக்கும் சகோதரரைப் பற்றியும், அவர்கள் நடுவே தோன்றிய நற்செய்திச் சங்கங்களைப் பற்றியும் சில வரலாற்றுச் செய்திகளை உங்கள் முன் வைக்கிறோம்.

"நம் யூபிலி மலரில் அவர்களுக்கு என்ன இடம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு குடும்பம் தன் வரவுக் கணக்கை மட்டும் எழுதிவிட்டுக் கடன் கணக்கை மறைத்தால் அது நேர்மையான கணக்காகாது. நாம் அவர்களுக்குக் கொடுத்ததும் உண்டு. அவர்களிடமிருந்து பெற்றதும் உண்டு. இரண்டையும் அறிந்தால்தான் இன்று நம் வீடுகளில் எழும் ஒரு பெரிய கேள்விக்கு விடை கூற முடியும். அக்கேள்வியைக் கடைசியில் காண்போம்.

மொழியைத் தந்தவர் நம்மவர்

புனித சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-ம் ஆண்டு. அவருக்குப் பின் அங்கு உழைத்த சேசுசபைக் குரு அண்டிரிக் அடிகளார் தமிழைக் கசடறக் கற்றார். 1578-ல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். ஆயினும் இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே இந்நாட்டில் அச்சான முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. அதன்பின் தத்துவ போதக சுவாமிகளும் மற்றச் சேசுசபையினரும் தமிழில் ஞான நூல்கள் பல எழுதினர். கிறிஸ்தவ மறையைத் தமிழில் எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லை எந்தப் பொருளுக்கு வழங்குவது என்ற பாதையை அவர்களே முதலில் வெட்டினர்.

1706-ம் ஆண்டு ஜூலை 9-ம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இரு இளைஞர்கள் வந்து இறங்கினர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளூச்சோ. டென்மார்க் நாட்டு அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய லூத்தரன் குருக்கள் இவர்கள். ஜெர்மனியில் ஹாலே நகரில் வளர்ந்த பக்தி இயக்கத்தின் பயிற்சி பெற்றவர்கள். ஒவ்வொரு விசுவாசியும் தன் தாய்மொழியில் வேதம் வாசிக்க வேண்டும், உள்ளம் மாற வேண்டும், அந்த மாற்றம் ஏழைக்குச் செய்யும் உதவியில் வெளிப்பட வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் அடிப்படை. நற்செய்திச் சங்கங்கள் என்று பிற்காலத்தில் பெருகிய அனைத்திற்கும் வித்து அதுவே.

சீகன்பால்கு தமிழ் கற்கத் தொடங்கியபோது அவர் கைக்குக் கிடைத்த கிறிஸ்தவத் தமிழ் நூல்கள் யாருடையவை? நம் சேசுசபைக் குருக்கள் எழுதியவை. அவற்றைப் படித்தே கிறிஸ்தவச் சொற்கள் பலவற்றைத் தாம் அறிந்துகொண்டதை அவரே மறைக்கவில்லை. தரங்கம்பாடி டேனிஷ் அதிகாரி அவரைச் சில மாதம் சிறையிலும் வைத்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. இலண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பிற்று. ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1719-ல், அவர் இறைவனடி சேர்ந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழியையும் சொற்களையும் அவர்கள் நம்மிடமிருந்து பெற்றார்கள். அச்சிட்ட புதிய ஏற்பாடு என்னும் நூலைத் தமிழர் கையில் முதலில் கொடுத்தவர்கள் அவர்கள். ஒருவர் ஏர் பூட்ட, மற்றவர் விதை தூவியது போல் இது அமைந்தது.

வாதப் போர்க் காலம்

ஆனால் அந்நாளில் இதை யாரும் இப்படிப் பார்க்கவில்லை. ஐரோப்பாவில் நடந்த சமயச் சண்டை கப்பலேறிச் சோழ மண்டலத்திற்கும் வந்துவிட்டது. தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்ற கத்தோலிக்கர் தமிழில் அச்சான நற்செய்தியைப் படித்து, அதன் வழியாகத் தரங்கம்பாடியாருடன் சேர்ந்து, அவர்களுக்கு உபதேசியாரானார். இத்தகைய நிகழ்ச்சிகள் நம் குருக்களைக் கலங்கச் செய்தன. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே எழுத்தாணியை வாளாக ஏந்தி 'வேத விளக்கம்' முதலிய கண்டன நூல்களை எழுதினார். தரங்கம்பாடியாரும் சும்மா இருக்கவில்லை. மறுப்புக்கு மறுப்பு, பதிலுக்குப் பதில் என்று ஓலைகளும் தாள்களும் நிறைந்தன.

வீரமாமுனிவரின் தமிழ்த் தொண்டை நாம் போற்றுகிறோம். தம் மந்தையைக் காக்க அவர் எழுந்ததையும் மதிக்கிறோம். எனினும் இராசநாயக்கனின் கதை நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. அவர் முதலில் தேடியது இறைவார்த்தையை. அது அவர் மொழியில் எங்கே கிடைத்ததோ அங்கே அவர் சென்றார். பசித்தவன் சோறு கிடைக்கும் வீட்டை நாடுவான். அவனைக் குறை கூறுமுன் நம் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

அவ்வடுப்பு மங்கிய காலமும் வந்தது. 1773-ல் சேசுசபை கலைக்கப்பட்டது. மதுரை மிஷனில் குருக்கள் குறைந்தனர். பூசை காணாமல் ஆண்டுக்கணக்கில் இருந்த ஊர்கள் பல. 1838-ல் புதிய மதுரை மிஷனின் சேசுசபைக் குருக்கள் வந்து சேரும்வரை, இருந்த சில குருக்களின் உழைப்பாலும், உபதேசியார்களின் விசுவாசத்தாலும், வீடுகளில் சொல்லப்பட்ட செபமாலையாலுமே நம் மறை உயிர் பிழைத்தது எனலாம். அந்த நம் முன்னோரை இந்த யூபிலி நாளில் நன்றியுடன் நினைக்கிறோம்.

ஊர்கள் பிறந்த கதை

அதே காலத்தில்தான் திருநெல்வேலிச் சீமையில் புரோட்டஸ்தாந்து சபை வேரூன்றியது. 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்து, தஞ்சையைச் சேர்ந்த ஒரு பிராமண விதவைக்குக் குளோரிந்தா என்ற பெயரில் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-ம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பதே பேர். அந்த அம்மையாரின் முயற்சியால் 1785-ல் அங்கு ஒரு சிறு கோவில் எழுந்தது. ஒரு பெண்ணின் உறுதியிலிருந்து ஒரு பெரும் சபை தொடங்கியது என்பதை நம் மரியாயின் சேனைச் சகோதரிகளும் அன்னையர் சங்கத்தாரும் சிந்திக்கட்டும்.

பனைக் காட்டுப் பகுதிகளில் ஏழை மக்கள் இம்மறையைத் தழுவியபோது துன்பங்கள் எழுந்தன. வீடுகள் எரிக்கப்பட்டன. இருக்க இடமின்றித் தவித்தவர்களுக்கு நிலம் வாங்கி 1799-ல் ஓர் ஊர் அமைத்தார் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார். முதலில் உண்டான கிறிஸ்தவ ஊர் ஆதலால் அதற்கு முதலூர் என்றே பெயர்.

பின்னர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் இவ்வழியைப் பெரிதாக்கினார். 1830-ல் அவர் ஏற்படுத்திய தர்ம சங்கம், துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு நிலமும் மனையும் வாங்கிக் கொடுப்பதையே நோக்கமாகக் கொண்டது. விதவைகளுக்கென்றும் ஏழைகளுக்கென்றும் தனித்தனி நிதிகள் ஏற்பட்டன. அவற்றிற்குச் சபையாரே பணம் போட்டனர். ஜெர்மனியில் இருந்த டோனா என்ற பிரபுவின் நன்கொடையால் வாங்கிய ஊருக்கு டோனாவூர் என்று பெயர் வந்தது. மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் ஐயர் கட்டிய ஆலயத்தின் கோபுரம் 192 அடி உயரம். தேரிக்காட்டில் நெடுந்தொலைவிலிருந்து இன்றும் அது கண்ணில் படுகிறது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் 1841 முதல் அரை நூற்றாண்டு உழைத்தார். சாயர்புரத்தில் போப் ஐயர் பள்ளி நடத்தினார். பின்னாளில் திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் ஆக்கியவர் இவரே.

குறைகளும் இல்லாமல் இல்லை. 1835-ல் இரேனியுஸ் ஐயருக்கும் அவரை அனுப்பிய சங்கத்தாருக்கும் இடையே பிளவு உண்டாகி, ஒரே ஊரில் சபை இரண்டாக நின்றது. 1838-ல் அவர் மறைந்த பின்னரே அப்பிளவு படிப்படியாக ஆறியது. 1857-ல் நாசரேத்துப் பகுதியில் சட்டாம்பிள்ளை என்பவர், வெள்ளைக்கார மிஷனரிகள் தம் மக்களை இழிவாக நடத்தினார்கள் என்று மனம் நொந்து, பலருடன் பிரிந்து தனிச் சபையே கண்டார். வேதத்தை ஒவ்வொருவரும் கையில் எடுப்பதில் பெரும் ஆற்றலும் உண்டு; ஆளுக்கொரு சபையாகப் பிரியும் ஆபத்தும் உண்டு. இரண்டையும் அவர்கள் வரலாறு காட்டுகிறது.

ஆனால் நாம் விரல் நீட்டுமுன் நம் வீட்டையும் பார்ப்போம். ஒரே சற்பிரசாதத்தை உட்கொண்ட நம் மக்களைச் சாதியின் பேரால் பிரித்து வைத்த சுவர் வடக்கன்குளம் கோவிலில் இருந்தது. 1910-ல்தான் அது இடிக்கப்பட்டது. பிரிவினை என்னும் பாவத்திற்குச் சபை வேறுபாடு கிடையாது.

தன் காலில் நின்ற சபை

அவர்களிடம் நாம் கற்கத்தக்கவற்றுள் தலையானது 1903-ல் நடந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 12-ம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. அதை முன்னின்று தொடங்கியவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், வெளிநாட்டு ஆள் வேண்டாம், நிர்வாகமும் நம்மவர் கையில் என்பது அச்சங்கத்தின் கொள்கை. நூறு ஆண்டாக மிஷனரிகளைப் பெற்று வந்த சபை, இப்போது தானே மிஷனரியை அனுப்பத் துணிந்தது. நிஜாம் நாட்டிலுள்ள தோர்ணக்கல் பகுதிக்கு ஆட்கள் சென்றனர். மொழி வேறு, உணவு வேறு, வெயில் கொடிது. பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்த சபைகளின் காணிக்கை அவர்களைத் தாங்கியது.

1905 கிறிஸ்து பிறப்பு நாளன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானபோதும் அசரியா அதில் முக்கிய பங்கு வகித்தார். பின்னர் அவரே தோர்ணக்கல்லுக்குக் குடியேறி உழைத்தார். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். பதினோராண்டு கழித்து, 1923-ல், தூத்துக்குடி மறைமாவட்டம் தோன்றி, நம் மண்ணின் மைந்தர் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானதை நாம் அறிவோம். ஒரே தென்கோடி நிலம் இரு சபைகளுக்கும் தன் மக்களையே மேய்ப்பராகத் தந்தது.

அசரியா கண்ட மற்றொரு கனவு ஒற்றுமை. தெலுங்கு நாட்டில் புதிதாக மறை தழுவிய ஏழைகளிடம் 'நீ ஆங்கிலிக்கனா, மெதடிஸ்தா?' என்று கேட்பது அவருக்கு வேதனையாயிருந்தது. 1919-ல் இந்தியக் குருக்கள் பெரும்பான்மையாக ஓரிடத்தில் கூடி ஒன்றிப்புக்கு அறைகூவல் விடுத்தனர். எந்த இடத்தில்? இரு நூற்றாண்டுகளுக்கு முன் சீகன்பால்கு வந்திறங்கிய அதே தரங்கம்பாடியில். இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதைக் காண அசரியா உயிருடன் இல்லை. 1945 புத்தாண்டு நாளன்று அவர் மறைந்துவிட்டார்.

இரக்கப் பணிகள்

விசுவாசம் செயலில் விளங்க வேண்டும் என்பதற்கும் அவர்கள் சான்று பகர்ந்தனர். கண் தெரியாதவர்க்கும் காது கேளாதவர்க்கும் பள்ளி என்பதை எவரும் நினைத்தும் பாராத பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பாளையங்கோட்டையில் அவ்விரு பள்ளிகளும் தொடங்கின. கோவில்களுக்கு விடப்படவிருந்த சிறுமியரையும் ஆதரவற்ற குழந்தைகளையும் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் தாயாக இருந்து வளர்த்தார். 1901 முதல் 1951-ல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய மருத்துவமனை பெருமரமாக வளர்ந்தது. நம் பங்கிலிருந்தும் கனத்த நோயாளிகளை அங்கு அழைத்துச் சென்ற குடும்பங்கள் உண்டு. அங்கே யாரும் 'நீ எந்தச் சபை?' என்று கேட்டுக் கட்டிலைக் கொடுப்பதில்லை.

ஒரே விவிலியம்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம் கண்களைத் திறந்தது. 1964-ல் வெளியான கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏடு அவர்களைப் பிரிந்த சகோதரர் என்று அன்புடன் அழைத்தது. பிரிவினைக்கு இரு பக்கத்தாரும் பொறுப்பு என்பதையும் ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு வெளிவந்த இறைவெளிப்பாட்டு ஏடு, விவிலியம் எல்லா விசுவாசிகளின் கைக்கும் எட்ட வேண்டும் என்றது.

அதன் கனி நம் தமிழகத்தில் பழுத்தது. திண்டிவனத்திலுள்ள நம் விவிலிய நடுநிலையமும் இந்திய வேதாகமச் சங்கமும் இணைந்து, கத்தோலிக்கரும் மற்றச் சபையாருமான அறிஞர்கள் ஒரே மேசையில் அமர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-ல் வெளிவந்தது. அதற்காக இரு சாராரும் தமக்குப் பழகிய சொற்களை விட்டுக்கொடுத்தனர். நம் முதியவர்களுக்கு அருளப்பரும் இராயப்பரும் சின்னப்பரும் யோவானாகவும் பேதுருவாகவும் பவுலாகவும் மாறியது எளிதாயில்லை. 'எங்கள் சின்னப்பரை எங்கே கொண்டுபோய் ஒளித்தீர்கள்?' என்று கேட்ட பாட்டிமார் உண்டு. அவர்கள் பக்கத்திலும், 'எங்கள் பழைய வேதத்தின் இனிமை இதில் இல்லையே' என்றவர் பலர். ஆனாலும் இன்று நம் பீடத்தில் வாசிக்கப்படும் நூலை உருவாக்கியதில் அச்சகோதரரின் உழைப்பும் கலந்திருக்கிறது. வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் எதிரெதிரே நின்ற மண்ணில் இது நடந்தது என்பதை எண்ணுந்தோறும் வியக்கிறோம். மீட்பு இறைவனின் அருளால் வரும் கொடை என்பதில் நம் திருச்சபையும் லூத்தரன் சபைகளின் உலக ஒன்றியமும் 1999-ல் கூட்டறிக்கையே வெளியிட்டுவிட்டன.

இன்று நம் முன் உள்ள கேள்வி

இனி, முதலில் குறிப்பிட்ட கேள்விக்கு வருவோம். "சுவாமி, எங்கள் பையன் ஞாயிறு பூசைக்கு வருவதில்லை, ஜெபக்கூட்டத்திற்குப் போகிறான், என்ன செய்வது?" என்று கண்ணீரோடு கேட்கும் தாய்மார்கள் இன்று எல்லாப் பங்கிலும் உண்டு. கொண்டான் கொடுத்தான் வழியில் இரு சபையும் கலந்த குடும்பங்களில் திருமணம் எங்கே, குழந்தைக்கு ஞானஸ்நானம் எங்கே, அடக்கம் எங்கே என்று மனத்தாங்கல்கள் எழுகின்றன. சில வேளை சொந்த அண்ணன் தம்பியே பேசாமல் போய்விடுகிறார்கள்.

நாம் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். நற்கருணையில் ஆண்டவரின் மெய்யான பிரசன்னம், தேவதாயின் மேல் நாம் கொண்ட பக்தி, திருத்தந்தையோடு நமக்குள்ள உறவு ஆகியவை நம் விசுவாசத்தின் உயிர்நாடி. சமாதானத்தின் பேரால் அவற்றை மறைக்க வேண்டியதில்லை. இன்று ஆங்காங்கே தோன்றும் சில தனிக் குழுக்கள் மாதாவைப் பழிப்பதையும், காணிக்கை கொடுத்தால் நோய் நீங்கும் என்று ஏழைகளிடம் ஆசை காட்டுவதையும் நாம் ஏற்க முடியாது. நெடுநாளைய சபைகளைச் சேர்ந்த குருவானவர்களும் அதை ஏற்பதில்லை.

ஆயினும் நம் பிள்ளை ஏன் போனான்? அங்கே ஒருவர் அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறார். அவன் துன்பத்தைக் கேட்டு, அவனுக்காகச் செபிக்கிறார். அவன் கையில் விவிலியத்தைக் கொடுத்து, பக்கத்தைத் திறந்து காட்டுகிறார். இராசநாயக்கனின் பசியே இவனுக்கும். திட்டினால் இப்பசி தீராது. நம் அன்பியக் கூட்டங்களுக்கு வந்து அமர்பவர்கள் எத்தனை பேர்? திருமணத்தில் பரிசாகப் பெற்ற திருவிவிலியம் எத்தனை வீடுகளில் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது? நோயுற்ற அடுத்த வீட்டாரிடம் சென்று ஒரு பத்து மணி செபமாலை சொல்பவர் எத்தனை பேர்?

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் உங்களிடம் மூன்று காரியங்களை வேண்டுகிறோம். முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் இரவு செபத்தின்போது நற்செய்தியின் ஒரு சிறு பகுதியைப் பிள்ளைகளே வாசிக்கட்டும். இரண்டாவது, வேறு சபைக்குப் போன உறவினரோடு பேச்சை நிறுத்தாதீர்கள். விசேஷ வீட்டிற்கும் துக்க வீட்டிற்கும் முதலில் செல்பவர் நாமாக இருப்போம். மூன்றாவது, ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை வரும் ஒன்றிப்பு வாரத்தில் அச்சகோதரரோடு சேர்ந்து செபிப்போம்.

தாம் பாடுபடுவதற்கு முந்தின இரவில், தம்மை விசுவசிப்போர் அனைவரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று நம் ஆண்டவர் பிதாவை மன்றாடினார். அந்த மன்றாட்டு இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. அது நிறைவேறும் நாளில் அண்டிரிக் அடிகளாரும் சீகன்பால்கும், வீரமாமுனிவரும் இராசநாயக்கனும், குளோரிந்தாவும் நம் செபமாலைப் பாட்டிமாரும் ஒரே பந்தியில் அமர்ந்திருப்பார்கள் என்று நம்புகிறோம். அந்நாள் விரைந்து வர, நம் பங்கின் பாதுகாவலரின் மன்றாட்டால் இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

பங்குக் குரு